பருந்துக்குக் காத்திருந்தவர்கள்

மார்கழி மாதக் காலை ஏழு மணிக்குக் கரைவெட்டி ஏரிக்கரையில் போய் நின்றால், இப்போதெல்லாம் தனியாக நிற்க முடிவதில்லை. போன வருஷம் அப்படி ஒரு காலையில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது. நாலு கேமராவும் தையல் மெஷின் மாதிரி ஓடின. பருந்து போனதும் ஒருவன் பின்பக்கத் திரையைப் பார்த்து, "நூத்தி எண்பது ஷாட்டு ஐயா" என்றான். பிறகு, "உங்க காலத்துல எப்படி ஐயா எடுத்தீங்க?" என்று கேட்டான்.

"முப்பத்தாறு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஒரு பிலிம் ரோலில் முப்பத்தாறு படம்தான், அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுவோம் என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தபின் நான் சொன்ன பதில் போதாது என்று தோன்றியது. அவனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

வேட்டையாடும் பறவைகளை நெருங்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் முதலில் கையில் எடுத்தது துப்பாக்கியைத்தான். காங்கிரஸ் கட்சியைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அவருடைய இன்னொரு முகம் பறவை சேகரிப்பு. அவர் சேர்த்த பறவைத் தோல்களும் முட்டைகளும் 80,000-க்கும் மேல். அவற்றை 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷம்தான். நம் மதராஸ் பக்கம் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் 1840-களில் பறவைப் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். படங்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் இந்திய ஓவியர்கள். அந்தக் காலத்தில் அது குற்றமாகத் தெரியவில்லை. கழுகு எத்தனை விரற்கடை நீளம், இறகின் அடிப்பக்கம் என்ன நிறம் என்று தெரிய வேண்டுமானால், அதைக் கீழே விழவைப்பது ஒன்றே வழி என்று நினைத்தார்கள்.

காத்திருக்கவே தேவையில்லாத ஒரு இடமும் தமிழ்நாட்டில் இருந்தது. திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைமேல் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்காருவார். இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன, ராமேஸ்வரத்துக்குப் போகின்றன என்றெல்லாம் சொல்வார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு. 1906-ல் அங்கே எடுத்த ஒரு படத்தைப் பார்த்திருக்கிறேன். குருக்களும் கழுகும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவர்களும் அந்த நெருக்கத்துக்கு ஏங்குவார்கள். 1998-க்குப் பிறகு அந்தக் கழுகுகள் வரவில்லை. என் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது சின்ன வயதில் ஒருமுறை பார்த்தேன். கையில் கேமரா இல்லை.

காட்டுப் பறவையை அதன் இடத்திலேயே படம் பிடிக்கலாம் என்று பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி. 1892-ல் முட்டையோடு ஒரு கூட்டைப் படம் எடுத்ததில் தொடங்கினார்கள். கேமரா என்றால் அப்போது மரப்பெட்டி, கண்ணாடித் தகடு, முக்காலி. பக்கத்தில் போனால் பறவை பறந்துவிடும். அதனால் ஒரு எருதின் தோலைப் பாடம் பண்ணி, உள்ளே ஆள் நிற்க இடம் விட்டு, அதற்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள். மாடு மேய்வதாகப் பறவை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இதைச் செய்திருந்தால் நாய்கள் விட்டிருக்காது.

பிறகு வந்தது மறைவிடம். நாலு கம்பு, சாக்குத் துணி, ஒரு ஓட்டை. கூட்டிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் முதலில் நட்டுவிட்டு, தினம் சில அடி நகர்த்தி, ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பறவை அதை ஒரு புதராக எண்ணிப் பழகிவிடும். ஆள் நுழைவதற்கும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து போய் நுழைய வேண்டும், ஒருவர் மட்டும் சத்தமாக வெளியே வந்து நடந்து போய்விட வேண்டும். பருந்துக்குக் கணக்குத் தெரியாது. வந்தவர் போய்விட்டார் என்று கூட்டுக்குத் திரும்பிவிடும். உள்ளே இருப்பவர் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, கொசுக்கடியை வாங்கிக்கொண்டு, நாலைந்து மணி நேரம் இருமாமல் இருக்க வேண்டும்.

இந்த முறையில் பெரிய பெயர் எடுத்தவர் எரிக் ஹோஸ்கிங். 1937-ல் வேல்ஸில் ஒரு ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் இரவில் பரண் ஏறும்போது, ஆந்தை இருட்டில் அடித்ததில் ஒரு கண்ணை இழந்தார். அதோடு அவர் தொழிலை விடவில்லை. இன்னும் ஐம்பது வருஷம் பறவைகளைப் படம் எடுத்தார். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு, பறவைக்கு ஒரு கண் என்று இரண்டு பொருள் படும்படி தலைப்பு வைத்தார். பேட்டிகளில் ஆந்தையை அவர் குறை சொல்லியிருப்பாரோ என்னவோ, நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். குஞ்சு இருக்கும் வீட்டுக்குள் ராத்திரியில் நுழைந்தது யார்?

இந்தியாவில் லோதர் என்பவர் 1949-ல் இந்தியப் பறவைகளைப் படம் எடுத்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதே காலத்தில் லோக் வான் தோ வந்தார். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். கத்தே தியேட்டர்களின் முதலாளி. 1942-ல் ஜப்பான்காரன் சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் தப்பி வந்த கப்பலில் குண்டு விழுந்தது. எப்படியோ பிழைத்து இந்தியா வந்தவர், சாலிம் அலியோடு சேர்ந்து பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் போனார். சாலிம் அலியின் பயணங்களுக்குப் பணமும் கொடுத்தார். 1957-ல் அவருடைய படப் புத்தகம் வந்தது. 1964 ஜூனில் தைவானில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். போர் அவரை இந்தியாவுக்குத் தள்ளாமல் இருந்திருந்தால், நம் பறவைகளின் நல்ல படங்கள் சில இல்லாமலே போயிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் மூத்தவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். (நம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரத்தை 1940-ல் கண்டு சொன்னவர் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். இருவரையும் ஒருவராக்கிச் சிலர் பேசுகிறார்கள். இவர் வேறு, அவர் வேறு.) மா. கிருஷ்ணன் 1912-ல் பிறந்தார். 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். கடையில் கிடைத்த பாகங்களைத் தானே சேர்த்துப் பூட்டிய கேமரா ஒன்று வைத்திருந்தார். அதன் கனத்துக்கு ஏற்றபடி 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கலர்ப் படத்தை அவர் தொடவே இல்லை, கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளைதான். தமிழிலும் எழுதினார். அவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். வீட்டு மொட்டைமாடியில் புறாவைத் துரத்தும் வல்லூறையும், தெருமுனைக் கரும்பருந்தையும் புலிக்குக் கொடுத்த அதே மரியாதையோடு கவனித்தவர் அவர். பருந்து பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று எனக்குப் புரிந்தது அவரைப் படித்த பிறகுதான்.

பெங்களூரில் இருந்த டி. என். ஏ. பெருமாளையும் சொல்ல வேண்டும். 2017-ல் காலமானார். மறைவிடத்தில் உட்கார்ந்து கூட்டைப் படம் எடுக்கும் கலையில் ஒரு தலைமுறைக்கே அவர் ஆசான்.

இனி என் கதை.

1984-ல் அரியலூரில் வேலையில் இருந்தேன். அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று, 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, அடுத்த வருஷமே சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. இத்தனையும் பருந்துகளுக்குத் தெரியாமலே நடந்தது. என்னிடம் ஒரு ரஷ்ய 'ஜெனித்' கேமரா இருந்தது, 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. பிலிம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து'. அந்த லென்ஸில் பருந்து படம் முழுக்க நிறைய வேண்டுமானால் பத்துப் பதினைந்து அடிக்குள் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. அதனால் கூடுதான்.

ஊருக்கு வெளியே ஒரு சோளக்காட்டு வரப்பில் கருவேல மரம். பன்னிரண்டு அடி உயரத்தில் கருந்தோள் பருந்து கூடு கட்டியிருந்தது. காக்கையை விடச் சின்னப் பறவை. வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, கண் மட்டும் குங்குமம். காட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றபடி சிறகடித்து எலி தேடுமே, அதுதான். மூன்று குஞ்சுகள். நானும் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரும் பந்தல்காரரிடம் மூங்கில் வாங்கிப் பரண் கட்டினோம். சாக்குத் துணி சுற்றினோம். தினம் கொஞ்சம் நகர்த்தினோம். எல்லாம் புத்தகத்தில் சொன்னபடிதான். ஒன்றே ஒன்று, கூட்டுக்கு முன்னால் ஒரு வாது இலையும் முள்ளுமாக மறைத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டினோம். அதுவும் புத்தகத்தில் இருப்பதுதான். வெள்ளைக்காரர்கள் அதற்குத் தோட்ட வேலை என்று ஒரு செல்லப் பெயரே வைத்திருந்தார்கள்.

ஆறாம் நாள் காலை உள்ளே போனேன். நண்பர் இருமிக்கொண்டே வெளியே நடந்தார். மூன்று மணி நேரம். ஆண் பருந்து எலியோடு வந்து, பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒரு நொடியில் போய்விட்டது. பெண் கூட்டின் விளிம்பில் நின்று எலியைக் கிழித்து, ஊசி முனையளவு சதையை எடுத்து, தலையைச் சாய்த்து ஒவ்வொரு வாயிலும் வைத்தது. கோழிக்குஞ்சைத் தூக்கும் ஜாதி என்று நாம் ஏசும் இனத்துக்கு இத்தனை மென்மையா என்று உட்கார்ந்திருந்தேன். ஷட்டர் சத்தம் கேட்டு ஒருமுறை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தது. பதினோரு படம் எடுத்தேன். ஒன்று அருமையாக வந்தது. திருச்சியில் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

இரண்டு நாள் கழித்துப் பரணைப் பிரிக்கப் போனோம். கூடு காலி. கீழே பஞ்சு மாதிரி கொஞ்சம் தூவி கிடந்தது. காட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "நேத்து சாயந்திரம் காக்கா கூட்டம். அந்த வாதை வெட்டாம இருந்திருந்தா அதுங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது தம்பி" என்றார். திட்டவில்லை. வெட்டிய வாதை ஆட்டுக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

அந்தப் படம் முப்பது வருஷம் என் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வாதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டில் படம் எடுப்பது கூடாது என்று இன்று உலகம் முழுக்கவே பறவைப் படக்காரர்கள் பேசுகிறார்கள். பல போட்டிகளில் அப்படிப்பட்ட படங்களை ஏற்பதில்லை. அந்த மாற்றத்துக்கு மனசாட்சி பாதி, லென்ஸ் பாதி காரணம் என்பேன். 1985-ல் மினோல்டா கம்பெனி தானாகவே போகஸ் செய்யும் கேமராவை விற்க ஆரம்பித்தது. 1999-ல் நிக்கான் டி-1 வந்து டிஜிட்டலுக்கு வழி திறந்தது. 2015-ல் பி-900 என்று 83 மடங்கு ஜூம் உள்ள ஒரு கேமரா வந்தது; என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அது ஒரு வரம். தூரத்தில் நின்றே எடுக்க முடிகிறபோது கூட்டை நெருங்கக் கூடாது என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது.

ஆனால் காத்திருப்பதிலிருந்து எந்த லென்ஸும் விடுதலை தரவில்லை. பருந்து பட்டமரத்தில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசையாது. பறக்கப்போகிறது என்பதற்கு நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு, எச்சமிடும். அதைக் கண்டதும் கேமராவைக் கண்ணில் வைக்க வேண்டும். காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நம் பக்கம் தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வருகிறது. காலை வெயில் முதுகில் படும்படி கிழக்கே நின்றால், அந்தரத்தில் நிற்கும் கருந்தோள் பருந்து காற்றுக்காக நம் பக்கம் திரும்பியிருக்கும். வெயிலும் அதன் முகத்தில் விழும். அதே இடத்துக்கு மாலையில் போனால் வெயில் மேற்கே, முகம் கிழக்கே, கிடைப்பது வால்தான். ஆடி மாதம் எல்லாம் தலைகீழ். மேல்காற்று அடிக்கும், மாலை நன்றாக இருக்கும், ஆனால் புழுதியில் கேமரா வீணாகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. இன்னொன்று, நடந்து போகும் ஆளையும் ஓடுகிற பஸ்ஸையும் பருந்து சட்டை செய்யாது, நின்றுவிட்டால் பறந்துவிடும். அதனால் டி.வி.எஸ்-ஐ நிறுத்தாமல் தாண்டிப்போய், தூரத்தில் நிறுத்தி, அது நம்மிடம் வரும் வரை வரப்பில் உட்கார்ந்திருப்பதே நல்லது.

அப்படி உட்கார்ந்ததற்குக் கிடைத்த பெரிய கூலி பூனைப்பருந்துகள். பெரம்பலூரின் கரிசல் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும் மாதங்களில் அவை வருகின்றன. மங்கலான வெள்ளிச் சாம்பல் ஆண், பழுப்புப் பெண், பெண்ணுக்கு வாலடியில் வெள்ளைப் பட்டை. பயிருக்கு மேல் ஆள் உயரத்தில் காடு முழுக்க உழுவதுபோல் வரிசை பிடித்துப் பறந்து, வெட்டுக்கிளியும் சிட்டும் பிடிக்கும். கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, புரட்டாசி ஐப்பசியில் இங்கே வந்து, பங்குனியில் திரும்பும். திருநெல்வேலிப் பக்கம் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிவிட்டு அந்த வழியைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இவை மரத்தில் தூங்குவதில்லை. அந்தி மயங்கும்போது ஒரு புல்தரிசில் ஒவ்வொன்றாக வந்து இறங்கித் தரையிலேயே படுக்கும். சிறுவாச்சூருக்கு அப்பால் ஒரு தரிசில் ஒரு மாலை பதினேழு எண்ணினேன். வெளிச்சம் போய்விட்டதால் ஒரு படமும் தேறவில்லை. அந்தத் தரிசில் இப்போது வண்ணக் கொடி கட்டிய மனைக் கற்கள் நிற்கின்றன.

பாறுக் கழுகுகளின் கதை இதைவிட மோசம். செத்த மாட்டைச் சுற்றி அவை இறங்குவதை என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அசிங்கம் என்று யாரும் பிலிமை வீணாக்கவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-ல் தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டன. தமிழ்நாட்டில் இப்போது அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அரியலூர் வட்டாரத்தில் எடுத்த ஒரு பாறுக் கழுகு படம் யாரிடமாவது இருக்கிறதா என்று பழைய ஸ்டுடியோக்களில் விசாரித்துப் பார்த்தேன். கல்யாண ஆல்பங்கள்தான் இருந்தன.

கரைவெட்டிக்கு வருகிறேன். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி. சுமார் 454 ஹெக்டேர். 1999-ல் சரணாலயம் ஆயிற்று, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எல்லாரும் வரித்தலை வாத்துக்காக வருகிறார்கள், நான் விரால் அடிப்பானுக்காகப் போகிறேன். அன்றைக்கு அது வரவில்லை. கிளம்பும்போது அந்தப் பையன் வந்து, "ஐயா, குன்னம் பக்கம் கருந்தோள் பருந்து கூடு ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். முன்னாடி ஒரு கிளை மறைக்குது, அத மட்டும் சரி பண்ணிட்டா அருமையா வரும். வர்றீங்களா?" என்றான்.

ஏரிக்கரையில் உட்கார வைத்து, 1984-ல் நடந்ததைச் சொன்னேன். பரிசு வாங்கியதையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மற்ற மூவரும் வண்டியைக் கிளப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை கூடத்துப் படத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது.

மாசி மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ரோட்டில் நின்று எடுத்தது. அறுத்துப் போட்ட மக்காச்சோளத் தட்டை, ஒரு கருவேல மரம். பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிக் கிளையில் மூன்று பருந்துகள். நெஞ்சில் இளம் பறவைக்கு உரிய பழுப்பு இன்னும் போகவில்லை. கூடு எங்கே என்று தேடினேன். முன்னால் ஒரு கிளை மறைத்துக்கொண்டிருந்தது.